காலைச் சுற்றும் புது நாய்

நாய்க் காப்பகத்தில் வாழும் வளர்ந்த நாய் ஒன்று, புதிய மனிதர் ஒருவரோடு ஒட்டிக்கொள்ள எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஹங்கேரியில் மார்தா காச்சியும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். காப்பகங்களில் இருந்த 60 நாய்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றில் சிலவற்றோடு ஒருவர் மூன்று முறை, முறைக்குப் பத்து நிமிடம் மட்டும் பழகினார். மற்ற நாய்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. பிறகு ஒவ்வொரு நாயையும் புதிய அறை ஒன்றுக்குள் கொண்டுவந்து விட்டு, அந்த மனிதரும் முன்பின் தெரியாத இன்னொருவரும் மாறி மாறி உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்தார்கள். மொத்தத்தில் அரை மணி நேரப் பழக்கம்தான். ஆனால் பழகிய நாய்கள், வளர்த்தவரைத் தேடும் வீட்டு நாய்களைப் போலவே அந்த மனிதரைத் தேடின. அவர் உள்ளே வந்ததும் போய் ஒட்டிக்கொண்டன. மற்றவரிடம் அந்த ஆர்வத்தைக் காட்டவில்லை.

அரை மணி நேரத்துக்கே இப்படியென்றால், வீட்டுக்கு அழைத்துவந்து, வேளாவேளைக்குச் சோறு வைத்து, மின்விசிறிக்கு அடியில் படுக்கவும் இடம் கொடுத்தால் என்ன ஆகும்? மூன்று வயது, நான்கு வயது நாயைத் தத்தெடுத்தவர்களுக்கு விடை தெரியும். சமையலறைக்குப் போனால் சமையலறை, மொட்டை மாடிக்குப் போனால் மொட்டை மாடி. குளியலறைக் கதவைச் சாத்தினால் கதவிடுக்கில் மூக்கு. நாற்காலியை விட்டு எழுந்தால், தூங்கிக்கொண்டிருந்த நாயும் கூடவே எழுந்துவிடுகிறது.

வீட்டில் இதைப் பற்றி இரண்டு கட்சி உருவாகும். ‘வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் என் மேல் எவ்வளவு பாசம் பார்’ என்று பூரிப்பது ஒரு கட்சி. ‘செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய், கொஞ்சம் தள்ளியே வை’ என்பது மற்றது. நாய்களின் நடத்தையை ஆராய்ந்தவர்களின் பார்வையில் இரண்டுமே பாதிதான் சரி. ஒட்டிக்கொள்வது உண்மையான பற்றுதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது இன்னும் உறுதிப்படாத பற்று. அதை உறுதிப்படுத்துவதுதான் வேலை, அறுப்பது அல்ல.

மேலே சொன்ன அறைச் சோதனை நாய்களுக்காக உருவானதல்ல. மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர், ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்கும் இடையிலான பிணைப்பை அளக்க வகுத்தது. குழந்தையும் தாயும் பழக்கமில்லாத அறையில் இருப்பார்கள். அந்நியர் ஒருவர் வருவார். தாய் வெளியே போவார், பிறகு திரும்பி வருவார். தாய் போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, திரும்பி வந்ததும் எவ்வளவு சீக்கிரம் அமைதியாகி விளையாட்டுக்குத் திரும்புகிறது என்பதைத்தான் எய்ன்ஸ்வொர்த் கூர்ந்து பார்த்தார். பாதுகாப்பான பிணைப்புள்ள குழந்தை தாயைப் பிடித்துக்கொண்டே இருப்பதில்லை. தாய் இருக்கிறாள் என்ற துணிச்சலில் அறையின் மூலை வரை தவழ்ந்து போகிறது. ஹங்கேரியைச் சேர்ந்த யோசெஃப் டோபாலும் சக ஆய்வாளர்களும் இதே சோதனையை 51 நாய்களுக்கும் அவற்றை வளர்ப்பவர்களுக்கும் வைத்து 1998இல் வெளியிட்டபோது, நாய்களிடமும் இதே போன்ற நடத்தை தெரிந்தது. வளர்ப்பவர் இருந்தால் நாய் அறையை ஆராய்ந்தது, விளையாடியது. அவர் போனதும் கதவருகே நின்றது.

ஆக, வலுவான பற்றுள்ள நாய் விலகிப் போகக்கூடிய நாய். காலைச் சுற்றிக்கொண்டே இருக்கும் நாய்க்குப் பற்று அதிகமாகிவிடவில்லை; இந்த மனிதர் போனால் திரும்பி வருவார் என்பதற்கு அதனிடம் இன்னும் போதிய ஆதாரம் இல்லை. எப்போது வரும் என்றே தெரியாத பஸ்ஸுக்காக நிற்பவர், பக்கத்து டீக்கடைக்குக்கூட நகர மாட்டார். நேரம் தெரிந்தவர் நிதானமாக டீ குடித்துவிட்டு வருவார். புது நாயின் நிலை முதல் ஆளுடையது.

அந்த நாயின் உடலுக்குள் நடப்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மைக்கேல் ஹென்னெஸியும் குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்கு வந்துசேர்ந்த நாய்களின் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன், முதல் மூன்று நாட்களில் வீட்டு நாய்களைவிட மிக அதிகமாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு இதைவிடச் சுவாரசியமானது. ஒன்றாகவே ஒரு கூண்டில் பல ஆண்டுகள் வளர்ந்த நாய் ஜோடிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பழகிய கூண்டில் ஜோடி இல்லாததால் பெரிய பாதிப்பு எதுவும் தெரியவில்லை. நாயைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோனபோது மட்டும் கார்ட்டிசால் ஏறியது. அங்கே கூண்டுத் துணை கூடவே இருந்தும் அது குறையவில்லை. பராமரிக்கும் மனிதர் அருகில் உட்கார்ந்தபோது குறைந்தது.

‘தனியாக இருப்பதால்தான் ஏங்குகிறது, துணைக்கு இன்னொரு நாய் வாங்கிவிடலாம்’ என்று யோசிப்பவர்கள் இந்த முடிவை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. தவிக்கும் நாய் தேடுவது இன்னொரு நாயை அல்ல, மனிதரை. இரண்டாவது நாயால் சில வீடுகளில் நன்மை உண்டு, ஆனால் இந்தத் தவிப்புக்கு அதுதான் மருந்து என்று எண்ணி வாங்கினால், தவிக்கும் நாய் இரண்டாகும் வாய்ப்பும் உண்டு.

தெருவிலிருந்து வந்த நாட்டு நாய்கள் சுதந்திரமாகத் திரிந்தவை, இப்படி ஒட்டாதவை என்றொரு எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. கொல்கத்தா ஐஸர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் ஆய்வுக் குழு தெருநாய்களிடம் நடத்திய ஆராய்ச்சி இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. அறிமுகமில்லாத மனிதர் ஒருவர் சில நாய்களுக்குத் தீனி கொடுத்தார், சிலவற்றைத் தலையில் தடவிக் கொடுத்தார். பல நாட்கள் இப்படித் தொடர்ந்தபோது, அந்த மனிதர் மேல் நம்பிக்கை கூடியது தடவிக் கொடுக்கப்பட்ட நாய்களிடம்தான். தெருவில் கல்லும் கம்பும் பழகிய நாய்க்கு அன்பான கை அபூர்வமான பொருள். அதை ஒருமுறை கண்டுகொண்டால் எளிதில் விடாது.

சரி, காலைச் சுற்றும் நாயெல்லாம் பிரிவில் தவிக்கும் நாயா? இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. அமெரிக்காவில் வலாரி பார்த்தசாரதியும் ஷாரன் க்ரோவெல்-டேவிஸும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பிரிவுத் தவிப்பு உள்ள நாய்களையும் இல்லாத நாய்களையும் எய்ன்ஸ்வொர்த் பாணிச் சோதனையில் ஒப்பிட்டார்கள். தவிப்புள்ள நாய்கள் வளர்ப்பவரோடு அதிகமாக ஒட்டிக்கொண்டிருக்கும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. வீடெல்லாம் பின்னாலேயே சுற்றிவிட்டு, ஆள் போனதும் சுருண்டு படுத்துத் தூங்கும் நாய்கள் இருக்கின்றன. பகலெல்லாம் கண்டுகொள்ளாமல் கிடந்து, கதவு சாத்தியதும் ஊளையிடும் நாய்களும் இருக்கின்றன.

அதனால் முதல் வேலை ஊகிப்பது அல்ல, பார்ப்பது. பழைய கைபேசி ஒன்றை அலமாரியில் சாய்த்து வைத்துப் படம் பிடித்தால் போதும். பிரிவில் தவிக்கும் நாய்கள் பெரும்பாலும் ஆள் கிளம்பிய முதல் சில நிமிடங்களிலேயே காட்டிவிடும்: மூச்சிரைப்பு, எச்சில் வடிதல், கதவுக்கும் ஜன்னலுக்கும் இடையே ஓயாத நடை, ஊளை, கதவுநிலையைப் பிறாண்டுதல். இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, அதன்பின் எழுந்து செருப்பைக் கடிக்கும் நாயின் பிரச்சினை வேறு. பொழுது போகவில்லை, அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகக் குழு 2,700-க்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களை அலசி, தனியாக விடும்போது வரும் தவிப்பை 2020இல் நான்கு வகையாகப் பிரித்தது. வீட்டுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றிலிருந்து தப்பிக்கப் பார்ப்பது, வெளியே இருக்கும் ஒன்றை அடையப் பார்ப்பது, வெளியிலிருந்து வரும் சத்தத்துக்கும் நடமாட்டத்துக்கும் பதற்றப்படுவது, சலிப்பு. நான்குக்கும் ஒரே மருந்து இல்லை. பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்கி ஆளைத் தேடும் நாய்க்கு, தனிமைப் பயிற்சியைவிடச் சத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடுதான் முதலில் தேவை. வலியும் இதில் ஒளிந்திருக்கும். மூட்டு வலியோ, காது மந்தமோ, முதுமையில் வரும் மூளைத் தளர்ச்சியோ இருந்தால் நாய் திடீரென்று ஆளை விட்டு அகலாமல் போகும். வயதான நாயைத் தத்தெடுத்தவர்கள் பயிற்சியாளரைத் தேடும் முன் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

நோய் இல்லை, சத்தப் பயம் இல்லை, வெறும் ஒட்டுதல்தான் என்றால் வேலை வீட்டுக்குள்ளிருந்து தொடங்குகிறது. வெளியே போய்ப் பழக்குவதற்கு முன், ஒரே அறையில் நான்கடி தள்ளி இருக்கப் பழக்க வேண்டும். ஒரு பாயோ பழைய கம்பளியோ போதும். அதன்மேல் நாய் தானாகப் போய்ப் படுக்கும்போதெல்லாம், சத்தம் போடாமல் அருகே ஒரு துண்டுத் தீனி வந்து விழ வேண்டும். காலடியில் வந்து படுத்தால் திட்டும் வேண்டாம், தீனியும் வேண்டாம். சில நாட்களில் அந்தப் பாய் நல்லது நடக்கும் இடமாகிவிடும். அதன் பிறகு பாயை மெல்ல நகர்த்தலாம்: மேசைக்கு அருகிலிருந்து சுவரோரம், சுவரோரத்திலிருந்து கூடத்துக்கு. ஆள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரும்போது நாய் எழாமல் இருந்தால், அதுதான் கவனித்துப் பாராட்ட வேண்டிய தருணம். நிறையப் பேர் கோட்டை விடுவதும் இங்கேதான். எழுந்து வந்த நாயைக் கொஞ்சுகிறார்கள், படுத்தே கிடந்த நாயை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது கதவு. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, நாய் பதறும் முன் திறந்து வெளியே வருவது. எத்தனை நொடி என்பதை நாய்தான் சொல்லும். சில நாய்களுக்கு இரண்டு நொடி, சிலவற்றுக்கு ஒரு நிமிடம். நேரத்தை ஒரே சீராகக் கூட்டிக்கொண்டே போகாமல், நீளமான ஒன்றுக்கு நடுவே சுலபமான சிறு இடைவெளிகளையும் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தது இன்னும் கடினம் என்று நாய் கற்றுக்கொள்ளும். நியூசிலாந்தில் பிரிவுத் தவிப்புள்ள எட்டு நாய்களுக்கு இப்படிப் படிப்படியாகப் பழக்கி 2011இல் வெளியான ஆய்வில், இந்த முறை பலன் தந்தது. சலிப்பூட்டும் வேலைதான். மூன்று நிமிடத்தைத் தாண்டவே இரண்டு வாரம் ஆகும் நாய்களும் உண்டு. ஆனால் இதற்கு நிகரான குறுக்குவழி எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

நாய் கதவைவிட நுட்பமாகக் கவனிப்பது கிளம்பும் சடங்குகளை. சாவிக்கொத்தின் ஓசை, ஹெல்மெட்டை எடுப்பது, செருப்பில் கால் நுழைப்பது. ஆள் வாசலைத் தாண்டும் முன்பே அதன் இதயம் படபடக்கத் தொடங்கிவிடும். ஒரு நாளில் பல முறை சாவியை எடுத்துக்கொண்டு போய் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பாத்திரம் துலக்குவது என்று அந்தச் சைகைகளின் அர்த்தத்தைக் குழப்பிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியே பார்த்தால் என்ன நினைப்பார் என்பது தனிக் கவலை.

இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் ஓர் அறிவுரை உண்டு: கிளம்பும் முன்னும் திரும்பி வந்த பின்னும் நாயைப் பார்க்கவே கூடாது, கொஞ்சவே கூடாது. பல பயிற்சியாளர்கள் இதை வேதவாக்காகச் சொல்வார்கள். ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை. புதிதாகத் தத்தெடுத்த வளர்ந்த நாய்களிடமே இதைச் சோதித்து 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வரவேற்பையும் வழியனுப்புதலையும் தவிர்த்ததால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. அதற்கு முன் 2018இல் இத்தாலியில் பிரச்சினை இல்லாத பத்து நாய்களிடம் நடந்த சிறிய ஆய்வு ஒன்று, பிரிவதற்குச் சற்று முன் நிதானமாகத் தடவிக் கொடுத்தால் நாய் கூடுதல் நேரம் அமைதியாக இருந்தது என்று காட்டியது. இத்தனை சிறிய ஆய்வை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனாலும், தலையைத் தடவி ‘வந்துடறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர் எந்தப் பாவமும் செய்துவிடவில்லை என்பது வரை சொல்லலாம். தவிர்க்க வேண்டியது ஆர்ப்பாட்டமான பிரியாவிடையை மட்டும்தான்.

தள்ளி வைக்கும் கட்சிக்கு இன்னொரு தகவல். ஹங்கேரியில் வெரோனிகா கோனோக் முன்னின்று நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், நெருக்கத்தைத் தவிர்க்கும் இயல்புள்ள மனிதர்களின் நாய்களுக்குத்தான் பிரிவுப் பிரச்சினை அதிகமாக இருந்தது. நாய் தேடி வரும்போது ஒருநாள் அணைப்பும் ஒருநாள் அலட்சியமும் கிடைத்தால், அது தேடுவதை விடாது, இன்னும் வேகமாகத் தேடும். அதேபோல் 2001இல் ஜெரார்ட் ஃப்ளானிகனும் நிக்கோலஸ் டாட்மனும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், செல்லம் கொடுத்து வளர்ப்பதற்கும் பிரிவுத் தவிப்புக்கும் தொடர்பு காணவில்லை. தொடர்பு இருந்தது வேறு ஒன்றோடு. ஒரே ஒருவர் மட்டும் வாழும் வீட்டு நாய்களுக்கு இந்தத் தவிப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

இதில் நடைமுறைக்குப் பயன்படும் பாடம் இருக்கிறது. வீட்டில் நான்கு பேர் இருந்தும் சோறு வைப்பது, நடக்க அழைத்துப் போவது, குளிப்பாட்டுவது எல்லாம் ஒருவரே என்றால், நாயைப் பொறுத்தவரை அது ஒரு நபர் வீடுதான். காலை நடை அப்பாவுக்கு, இரவுச் சோறு பாட்டிக்கு, மாலை விளையாட்டு பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு என்று பிரித்துக் கொடுத்தால் நாயின் நம்பிக்கையும் பல பேர் மேல் பரவும். தனியாக வாழ்பவர்கள் மாடி வீட்டு நண்பரையோ, வேலைக்கு வந்துபோகும் அக்காவையோ மெல்ல மெல்ல இந்த வட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம்.

தனியாக இருக்கும் நேரத்தில் நாய்க்குச் செய்ய ஏதாவது வேலையும் வேண்டும். குழிவான ரப்பர் பொம்மைக்குள் தயிர்சாதத்தை அடைத்து ஃப்ரீஸரில் வைத்துக் கொடுத்தால் நக்கியே நேரம் ஓடும். உலர் திராட்சை, வெங்காயம், சாக்லேட் இவை நாய்க்கு நஞ்சு, அவை கலந்துவிடக் கூடாது. கிளம்பும்போது வைத்த பொம்மையை நாய் தொடவே இல்லை என்றால் அதுவும் ஒரு செய்தி: பதற்றத்தில் இருக்கும் நாய்க்குப் பசி எடுக்காது, தனியாக விடும் நேரத்தைக் குறைக்க வேண்டும். மோப்ப விளையாட்டுக்கும் தனி இடம் உண்டு. பெட்டிகளில் ஒளித்த தீனியை மூக்கால் தேடும் பயிற்சியை இரண்டு வாரம் செய்த நாய்கள், தெளிவில்லாத ஒன்றைச் சந்திக்கும்போது நல்லது நடக்கும் என்று எதிர்பார்க்கும் பக்கம் நகர்ந்தன என்று சார்லட் துராந்தோனும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸும் 2019இல் எழுதினார்கள். மனிதரின் காலடியில் நடக்கும் பயிற்சி பெற்ற நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. பிரிவில் தவிக்கும் நாய்கள் கெட்டதை எதிர்பார்க்கும் பக்கம் சாய்ந்திருக்கும் என்பது, பிரிட்டனின் இரண்டு காப்பகங்களில் இருந்த 24 நாய்களை ஆராய்ந்து 2010இல் சொல்லப்பட்டது.

செய்யவே கூடாத ஒன்று, திரும்பி வந்து தண்டிப்பது. கிழிந்த தலையணையைக் காட்டித் திட்டும்போது நாய் காதை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி, உடலைக் குறுக்கும். ‘தப்பு செய்தது அதற்கே தெரிகிறது’ என்பார்கள். அதே ஹோரோவிட்ஸ் 2009இல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். அந்தக் ‘குற்ற முகம்’ நாய் தவறு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை, மனிதர் திட்டுகிறாரா என்பதைப் பொறுத்தே வந்தது. தனிமையில் பயந்த நாய்க்கு, ஆள் திரும்பி வருவதும் பயமாகிவிட்டால் அதற்கு மிஞ்சுவது என்ன? கூண்டில் பூட்டுவதும் அப்படித்தான். கூண்டைத் தன் இடமாக ஏற்ற நாய்க்கு அது நிம்மதி. தவிக்கும் நாயை அதில் அடைத்தால் கம்பியைக் கடித்துப் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும்.

பயிற்சியே தொடங்க முடியாத அளவுக்குப் பதறும் நாய்களுக்கு மருந்தும் உண்டு. மனிதர்களுக்கு மனச்சோர்வுக்குத் தரும் குளோமிப்ரமின், ஃப்ளூவாக்ஸெட்டின் இரண்டையும் நாய்களின் பிரிவுத் தவிப்புக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அங்கீகரித்திருக்கிறது. பின்னது 2007இல் வந்தது. இரண்டுக்கும் ஒரே நிபந்தனை: நடத்தைப் பயிற்சியோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நடுவில் தானாக நிறுத்தக் கூடாது. மனிதர்களுக்கு வாங்கிவைத்த மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் உடைத்துக் கொடுப்பது ஆபத்து.

எத்தனை நாள் ஆகும் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகக்காரர்கள் சொல்லும் கணக்கு அனுபவத்தில் வந்தது, அளந்து வந்ததல்ல. அளந்து பார்த்த ஆய்வு ஒஹையோவிலிருந்து 2023இல் வந்தது. தத்தெடுக்கப்பட்ட 99 காப்பக நாய்களைப் பற்றி 7, 30, 90, 180ஆம் நாட்களில் வளர்ப்பவர்களிடம் கேட்டார்கள். முதல் வாரத்தோடு ஒப்பிட்டால், ஒட்டிக்கொண்டு கவனம் கேட்பதும் பிரிவுத் தவிப்பும் மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் குறைந்திருந்தன. அதே காலத்தில் அந்நியர்களிடம் சீறுவதும், ஓடும் உயிர்களைத் துரத்துவதும், சொல்பேச்சு கேட்காமல் இருப்பதும் கூடியிருந்தன. இருந்தும் பெரும்பாலான வளர்ப்பாளர்கள் தங்கள் நாயின் நடத்தைக்கு நல்ல மதிப்பெண்ணே கொடுத்தார்கள். வீடு தன்னுடையது என்று நம்பத் தொடங்கிய நாய் கூரியர்காரரைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தால், அதற்கான பயிற்சியை அந்தக் கட்டத்தில் தனியாகத் தொடங்க வேண்டியிருக்கும்.